வருகையின் நாள் – 9: எதிர்கொண்டு போகிறவர்கள்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு வீட்டு மாடியில் புதன்கிழமை தோறும் வேதபாடம் நடக்கிறது. போன மாதம் நானும் போயிருந்தேன். முடியும் நேரத்தில் வயதான அம்மா ஒருவர் கேட்டார்: “பாஸ்டர், இரகசிய வருகை உபத்திரவத்துக்கு முன்னாடிதானே? பின்னாடின்னா என் பேத்தி எப்படித் தாங்குவா?” பேத்திக்கு நான்கு வயது, அவர் மடியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். “முன்னாடிதாம்மா” என்றார் பாஸ்டர்.

தமிழ்நாட்டுப் பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் இதே பதில்தான். சபை முதலில் எடுத்துக்கொள்ளப்படும். பிறகு ஏழு வருடம் மகா உபத்திரவம். கடைசியில் பகிரங்க வருகை. ஏழு என்ற கணக்கு தானியேல் 9-ஆம் அதிகாரத்தின் கடைசி வாரத்திலிருந்து வருகிறது. மூன்றரை வருடத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்போரும் உண்டு. ஆனால் இதே திருவண்ணாமலையில், டேனிஷ் மிஷன் வழிவந்த லுத்தரன் சபையில் இந்த அட்டவணையே கிடையாது.

உபத்திரவத்துக்கு முன்னதான வருகை என்ற போதனைக்கு வடிவம் கொடுத்தவர் ஜான் நெல்சன் டார்பி, 1830-களில். 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. ஆனால் டார்பி சார்ந்திருந்த ‘சகோதரர்’ (பிரதரன்) இயக்கத்தாரே இதில் ஒன்றுபடவில்லை. பிளிமத்தில் பெஞ்சமின் நியூட்டன் எதிர்த்தார். 1845-இல் அந்தச் சபை உடைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதே இயக்கத்தைச் சேர்ந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1833-இல் இந்தியாவுக்கு வந்தவர்; அவருடைய தங்கை கணவர்தான் பிரிஸ்டல் அநாதை இல்லங்களின் ஜார்ஜ் முல்லர். முல்லரும் முன்னதான வருகையை ஏற்கவில்லை.

என் மனம் முல்லர் பக்கமே சாய்கிறது. காரணம் ஒரு சொல். 1 தெசலோனிக்கேயர் 4:17-இல் ஆண்டவரைச் சந்திப்பதைச் சொல்லும் கிரேக்கச் சொல் ‘அபாந்தேசிஸ்’. நம் வேதாகமம் அதை ‘எதிர்கொண்டுபோவது’ என்கிறது. பத்துக் கன்னிகைகள் மணவாளனை எதிர்கொள்ளப் புறப்படும் இடத்திலும் அதே சொல்தான். பவுலைப் பார்க்க ரோமாபுரிச் சகோதரர்கள் மூன்று சத்திரம் வரை வந்தார்கள். அங்கும் அதே சொல். வந்தவர்கள் பவுலோடு ரோமாபுரிக்கே திரும்பினார்கள். மாப்பிள்ளை அழைப்பு பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வேலூரிலிருந்து வரும் மாப்பிள்ளையை வேங்கிக்காலில் எதிர்கொண்டால், அவரோடு வேலூருக்கா போகிறோம்?

மறுபக்கத்துக்கும் பலம் இருக்கிறது. பிதாவின் வீட்டில் இடம் ஆயத்தம் செய்து அழைத்துப்போவதாக யோவான் 14 சொல்கிறது. நாம் கோபாக்கினைக்கு நியமிக்கப்படவில்லை என்று அதே தெசலோனிக்கேயர் நிருபம் 5-ஆம் அதிகாரத்தில் சொல்கிறது. ஆனால் உபத்திரவம் வேறு, கோபாக்கினை வேறு. உபத்திரவத்துக்கு நாம் நியமிக்கப்பட்டிருக்கிறோம் என்று 3-ஆம் அதிகாரத்தில் எழுதியவரும் பவுல்தான்.

படியிறங்கும்போது இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தினார். “அது கிடக்கட்டும் தம்பி. இவ அம்மா போன வருஷம் போயிட்டா. அவ வருவாளா?”

தெசலோனிக்கே சபையார் பவுலை எழுத வைத்த கேள்வியும் இதுதான். அங்கே யாரும் ஏழு வருடக் கணக்குக் கேட்கவில்லை. தங்களில் இறந்துபோனவர்கள் அந்த நாளைத் தவறவிட்டுவிடுவார்களோ என்று அழுதார்கள். முதலில் எழுந்திருப்பவர்களே அவர்கள்தான் என்று பவுல் எழுதியிருப்பதை அம்மாவிடம் சொன்னேன். பேத்தியைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, “எந்த அதிகாரம்?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

(தொடரும்)