64 பேருக்கு ஒரு கோர்ட், ஒரு ஷெரீஃப்... டெக்சாஸின் ஆச்சர்ய கவுன்ட்டி!

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கிறது லவ்விங் கவுன்ட்டி. பரப்பளவு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வசிப்பவர்கள் வெறும் 64 பேர்! அந்த நாட்டிலேயே மக்கள்தொகை மிகக் குறைந்த கவுன்ட்டி இதுதான்.

மேற்கே பெக்கோஸ் ஆறு, வடக்கே நியூ மெக்சிகோ. நடுவில் வறண்ட புதர்நிலமும் எண்ணெய்க் கிணறுகளும்.

தலைமையிடமான மென்டோனில் 1935-ல் கட்டிய கோர்ட் கட்டடம் நிற்கிறது. இங்கே 'கவுன்ட்டி ஜட்ஜ்' என்பவர் வழக்கு விசாரிப்பவர் மட்டுமல்ல. 4 கமிஷனர்களோடு உட்கார்ந்து வரி, பட்ஜெட், சாலை எல்லாவற்றையும் முடிவுசெய்வதும் அவர்தான். நம் கலெக்டர் போல நியமனம் கிடையாது. தேர்தலில் ஜெயித்து வர வேண்டும்.

அந்தத் தேர்தலில்தான் வில்லங்கமே! பாசனக் கால்வாய் கனவோடு 1893-ல் உருவான இந்த கவுன்ட்டியை, மோசடிப் புகார்களுக்குப் பிறகு 1897-ல் மாநிலச் சட்டமன்றம் கலைத்துவிட்டது. பிறகு எண்ணெய் கிடைத்தது, ஆட்கள் வந்தார்கள். 1931-ல் மறுபடியும் உதயம். டெக்சாஸில் இரண்டு முறை அமைக்கப்பட்ட ஒரே கவுன்ட்டி!

இப்போது எண்ணெய் வரிப்பணம் குவிகிறது. ஓட்டுகளோ கொஞ்சம். ஒரு குடும்பம் நினைத்தால் முடிவே மாறும். அதனால், 'இவர் நிஜமாகவே இங்கே வசிக்கிறாரா, ஓட்டுப் போட மட்டும் வருகிறாரா?' என்ற சண்டை கோர்ட் வரை போயிருக்கிறது.

அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. மென்டோன் பள்ளிக்கூடம் 1972-லேயே மூடப்பட்டுவிட்டது. பிள்ளைகள் படிக்கப் போவது பக்கத்து கவுன்ட்டியின் விங்க் நகருக்கு.