பாட்டில் கிடைத்த பூட்டன்

டோனி மாரிசனின் ‘சாங் ஆஃப் சாலமன்’ நாவலை எடுத்தவுடன் ஒரு கேள்வி வந்து நிற்கும். ஒரு குடும்பத்துக்கு யாராவது ‘டெட்’ என்று பெயர் வைப்பார்களா? செத்தவர் என்றல்லவா பொருள்! கதாநாயகன் மேக்கன் டெட். ஊர் கூப்பிடுவது மில்க்மேன் என்று. ‘டெட்’ என்ற பெயர் வந்த கதை புரிந்துவிட்டால் மீதி நாவல் தானாக வழிவிடும். அவசரமில்லாமல் பார்ப்போம்.

1869. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட மில்க்மேனின் தாத்தா, அரசு அலுவலகத்தில் தன்னைப் பதிவு செய்துகொள்ளப் போகிறார். மேசைக்கு அந்தப் பக்கம் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு சிப்பாய். எங்கே பிறந்தாய்? மேக்கனில். அப்பா யார்? செத்துப்போய்விட்டார். இரண்டு பதிலையும் கட்டம் மாற்றி எழுதிவிடுகிறான் அவன். தாத்தாவுக்கு எழுத்து தெரியாது. அவர் மனைவிக்கோ அந்தப் பெயர் பிடித்துப்போகிறது. பழையதையெல்லாம் துடைத்துவிடும் என்று அதையே வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். அதன்பிறகு அவருடைய சொந்தப் பெயர் என்ன என்பது பேரன் காலத்தில் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை.

இது கதைக்காகச் சேர்த்த மிகை இல்லை. 1850, 1860 அமெரிக்கக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டார்கள். உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். விடுதலை பெற்ற மக்கள் பெருவாரியாகப் பெயரோடு பதிவானது 1870-இல்தான். இன்றும் தன் வம்சத்தைத் தேடும் கறுப்பினத்தவர் பலர் அந்த ஆண்டில் வந்து முட்டி நிற்கிறார்கள். வம்சாவளி ஆய்வாளர்கள் அதைச் சுவர் என்றே சொல்வார்கள். நாவல் வெளிவந்த 1977-இல்தான் அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’ தொலைக்காட்சித் தொடராக வந்து, அமெரிக்காவையே இந்தக் கேள்விக்குள் இழுத்துவிட்டது.

மில்க்மேன் வேர் தேடிக் கிளம்பியவன் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முப்பது வயது தாண்டியும் மிச்சிகனில் அப்பாவின் வாடகை வசூலைப் பார்த்துக்கொண்டு சொகுசாக இருப்பவன். அத்தை பைலேட்டின் வீட்டில் தொங்கும் பச்சைப் பையில் தங்கம் இருக்கிறது என்று அப்பா சொல்ல, நண்பனோடு போய்த் திருடுகிறான். உள்ளே இருப்பது எலும்பு. அப்படியானால் தங்கம் இன்னும் பென்சில்வேனியாவின் டான்வில் பக்கத்துக் குகையில்தான் இருக்க வேண்டும் என்று அங்கே போகிறான். குகை காலி. பைலேட் அதை வர்ஜீனியாவுக்குக் கொண்டுபோய் ஒளித்திருப்பாள் என்ற பேராசைதான் அவனை ஷாலிமார் என்ற குக்கிராமத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது.

என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் வட்டமாகச் சுற்றிப் பாடி விளையாடுகிறார்கள். நடுவில் ஒரு பையன் கண்ணை மூடி, கைகளை விமானம்போல விரித்துச் சுழல்கிறான். சின்ன வயதிலிருந்து பைலேட் பாடிக் கேட்ட பாட்டின் சாயல் அதில் இருக்கிறது. உற்றுக் கேட்டால், வழியில் கிழவர்களும் கிழவிகளும் சொன்ன பெயர்கள் ஒவ்வொன்றாக அதற்குள்ளிருந்து வருகின்றன. ஜேக், அவனுடைய தாத்தா. சாலமன், பூட்டன். எழுதிக்கொள்ளப் பர்ஸைத் துழாவுகிறான். விமான டிக்கெட்டின் துண்டு இருக்கிறது, பேனா இல்லை. வேறு வழியில்லாமல் அவர்கள் திரும்பத் திரும்பப் பாடுவதைக் கேட்டு மனப்பாடம் செய்கிறான்.

எழுதியவன் பெயரைத் தொலைத்தான். பாடியவர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள். மாரிசன் இதை எவ்வளவு நுட்பமாக வைத்திருக்கிறார் என்பதற்கு முதல் அத்தியாயத்துக்கே திரும்பிப் போக வேண்டும். மில்க்மேன் பிறப்பதற்கு முந்தைய நாள், மருத்துவமனைக் கூரையிலிருந்து பறக்கிறேன் என்று ஒருவர் குதிக்கும்போது, கீழே கூட்டத்தில் பைலேட் பாடிக்கொண்டிருப்பது இதே பாட்டைத்தான்.

பாட்டு சொல்லும் சேதி, அடிமையாயிருந்த சாலமன் ஒருநாள் ஆப்பிரிக்காவுக்கே பறந்து போய்விட்டான் என்பது. ஜார்ஜியா கடற்கரையில் இப்படிக் கதைகள் உண்மையாகவே வழங்கின. 1803-இல் செயின்ட் சைமன்ஸ் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட இக்போ மக்கள் அடிமைப்பட மறுத்து நீரில் இறங்கினார்கள். அவர்கள் பறந்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்று பின்வந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் பகுதி முதியவர்களிடம் கேட்டெழுதிய இத்தகைய கதைகள் 1940-இல் நூலாகவும் வந்தன.

பூட்டன் பறந்தவன் என்று தெரிந்ததும் மில்க்மேன் துள்ளிக் குதிக்கிறான். சாலமன் விட்டுப்போனவர்களைப் பற்றி அவன் அப்போது யோசிப்பதில்லை: 21 பிள்ளைகள், அழுதழுதே புத்தி பேதலித்த மனைவி ரைனா. இவன் ஊர் சுற்றிய அதே நாட்களில், இவன் கைவிட்ட ஹேகர், பைலேட்டின் பேத்தி, ஏங்கியே செத்துப்போயிருக்கிறாள். சந்தோஷச் செய்தியோடு திரும்பியவனுக்குக் காத்திருப்பது அந்த இழப்புதான்.

கடைசியில் மில்க்மேன் பாறையிலிருந்து பாய்கிறானே, பிழைத்தானா என்று கேட்பார்கள். மாரிசன் சொல்லவில்லை. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்குச் சற்றுமுன் நடப்பது. எலும்புகளை, அவை தாத்தாவுடையவை என்று தெரிந்தபின், அடக்கம் செய்ய வந்த இடத்தில் பைலேட் குண்டடிபட்டு விழுகிறாள். பாடச் சொல்கிறாள். பாடவே வராத மில்க்மேன் அவளுக்காகப் பாடுகிறான், பறந்துபோன ஆணின் பெயர் வரும் இடத்தில் ஒரு பெண்ணை வைத்து.