பொரித்து மீந்த எண்ணெய்: வீண்விரயமா, எரிபொருளா?



நோன்பு மாதத்தில் அஸர் நேரமானதும் நம் இல்லங்களின் அடுப்புகளில் சமோசாவும் ரோல்ஸும் வடையும் பொரிபடுவது வழமை. பொரித்து முடிந்ததும் தாச்சியில் கறுத்த எண்ணெய் மீந்து நிற்கின்றது. சிலர் அதனை மறுநாளைக்கென எடுத்து வைத்து, மீண்டும் மீண்டும் சூடாக்குகின்றனர். வேறு சிலர் வடிகானில் ஊற்றிவிடுகின்றனர். இவ்விரண்டுமே தீங்கானவை. மூன்றாவதொரு வழியும் உண்டு. அதனை விளக்குவதே இங்கு நோக்கமாகும்.

முதலில் உடல்நலத்தை நோக்குவோம். கடும் வெப்பம், காற்று, உணவிலுள்ள நீர் ஆகிய மூன்றும் சேர்ந்து எண்ணெயைச் சிதைக்கின்றன. ஒவ்வொரு தடவை பொரிக்கும்போதும் அதில் தீங்கு தரும் சேர்வைகள் பெருகுகின்றன. இச்சேர்வைகள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தலாகாது என இந்தியாவில் 2018ஆம் ஆண்டு முதல் சட்டம் வரையறுத்துள்ளது. சிக்கனம் எனும் பெயரில் அத்தகைய எண்ணெயைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவது சிக்கனமாகாது.

அடுத்தது வடிகான். தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். மலையகத்துக் காலைப்பொழுதில் அது போத்தலிலேயே கட்டியாகி நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். வடிகானுக்குள்ளும் அதுவே நிகழ்கின்றது. 2017ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் வைட்சப்பல் பகுதியில், கழிவுநீர்க் குழாயினுள் கொழுப்பும் குப்பையும் இறுகி, சுமார் 250 மீற்றர் நீளமும் 130 தொன் நிறையும் கொண்ட பெரும் அடைப்பாகக் கிடந்தது. அங்கிருந்து அகற்றிய கொழுப்பில் ஒரு பகுதி பின்னர் எரிபொருளாக மாற்றப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது.

எண்ணெய் எவ்வாறு எரிபொருளாகின்றது? 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் இயந்திரம் கடலை எண்ணெயால் இயக்கிக் காட்டப்பட்டது. ஆயினும் தாவர எண்ணெய் டீசலைவிடப் பன்மடங்கு தடிப்பானது. அதனை அப்படியே இன்றைய வாகனங்களுக்கு ஊற்றினால், எரிபொருளைத் தெளிக்கும் நுண்துளைகள் அடைபட்டுவிடும். எனவே எண்ணெயை மெல்லியதாக்க வேண்டும்.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் மூன்று கொழுப்பமிலங்கள் ஒரு கிளிசரினுடன் பிணைந்த அமைப்பாகும். எண்ணெயை வடித்து, நீரை அகற்றி, சுமார் 60 பாகை வரை சூடாக்கி, மெதனோலையும் ஊக்கியாகச் சிறிதளவு பொற்றாசியம் ஐதரொட்சைட்டையும் சேர்க்கும்போது அப்பிணைப்பு அறுகின்றது. பாரமான கிளிசரின் அடியில் தங்க, மேலே பயோடீசல் பிரிந்து நிற்கின்றது. நூறு கிலோகிராம் எண்ணெயுடன் ஏறத்தாழ பதினொரு கிலோகிராம் மெதனோல் சேர்ந்தால், ஏறத்தாழ நூறு கிலோகிராம் பயோடீசல் கிடைக்கும். அதன் சக்தி டீசலைவிடச் சற்றுக் குறைவு. கந்தகமோ அதில் இல்லையெனும் அளவுக்கு அற்பம்.

இளைஞர்களே! இதனை வீட்டில் செய்து பார்க்க முற்படாதீர்கள். மெதனோல் கண்பார்வையைப் பறிக்கக்கூடிய நஞ்சு, எளிதில் தீப்பற்றக்கூடியது. உற்பத்தி என்பது பயிற்சி பெற்றோரின் பணி; சேகரித்துக் கொடுப்பதே நமது பணி.

அப்பணியின் பயனை ஜப்பானின் கியோட்டோ நகரம் காட்டியுள்ளது. 1997ஆம் ஆண்டு அந்நகர சபை வீடுகளிலிருந்து பழைய எண்ணெயைச் சேகரிக்கத் தொடங்கியது. அதே ஆண்டில் அதன் குப்பை லொறிகள் பயோடீசலால் ஓடின. 2004ஆம் ஆண்டு நாளொன்றுக்கு 5,000 லீற்றர் உற்பத்தி செய்யவல்ல ஆலையையும் அது அமைத்தது. வீடுகள்தோறும் சேர்த்த சிறு போத்தல்களே அதன் ஆரம்பம்.

நமது மார்க்க அறிஞர்களுக்கும் இச்சிந்தனை புதிதன்று. உண்பதற்கு விலக்கப்பட்ட நஜிஸான எண்ணெயையும் விளக்கெரிக்கப் பயன்படுத்தலாம் என்பதே பிரபலமான கருத்து என இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் பதிவு செய்துள்ளார்கள். உண்ணத் தகாதது என்பதற்காக ஒரு பொருள் பயனற்றதாகிவிடாது என்பதை இதிலிருந்து விளங்கலாம். நஜிஸான எண்ணெய்க்கே இந்நிலையென்றால், சுத்தமானதாயினும் பழுதடைந்த எண்ணெயை வீணே கொட்டுவதற்கு என்ன நியாயம் உண்டு?

நாம் செய்ய வேண்டியவை எளியவை. எண்ணெய் நன்கு ஆறிய பின் வடித்து, நீர் கலவாமல் மூடியுள்ள போத்தலில் சேமியுங்கள். மஹல்லாவில் இருநூறு குடும்பங்கள் மாதத்துக்கு அரை லீற்றர் வீதம் சேர்த்தால் நூறு லீற்றராகும். இளைஞர்கள் பொறுப்பேற்று ஓரிடத்தில் சேகரிக்கலாம்.

இதில் ஒரு பெரும் அமானிதம் உண்டு. பழைய எண்ணெயை வாங்குவோர் எல்லோரும் எரிபொருளுக்காக வாங்குகின்றார்கள் எனக் கொள்ளலாகாது. அது தெளியவைக்கப்பட்டு மீண்டும் ஓர் உணவுக்கடையின் தாச்சிக்குச் சென்றால், நாம் விற்றது பிறர் பிள்ளைகளுக்கான நஞ்சாகிவிடும். ஆகவே வாங்குபவர் யார், அனுமதி பெற்றவரா, எண்ணெய் எங்கே செல்கின்றது என்பவற்றைப் பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரித்து உறுதி செய்த பின்னரே கொடுக்க வேண்டும். அத்தகையோர் கிடைக்காவிடின், பழைய பத்திரிகைத் தாளில் எண்ணெயை உறிஞ்சச் செய்து குப்பையுடன் சேர்த்துவிடுங்கள். அதிக விலைக்கு ஆசைப்பட்டு அறியாதவர் கையில் ஒப்படைப்பதைவிட அது மேலானது.

அருட்கொடைகளை வீணாக்காமலும் பிறருக்குத் தீங்கிழைக்காமலும் வாழ வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.