நான்கு நூலும் இரண்டு கத்தியும்: வீட்டு ஓவர்லாக் மெஷினைப் பழக்குவது எப்படி?

அணிந்திருக்கும் டி-ஷர்ட்டின் தோள்பட்டைத் தையலை உட்புறம் திருப்பிப் பாருங்கள். துணியின் ஓரம் ஒரே சீராக வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டு விளிம்பை நூல்கள் வலைபோல் சுற்றி மூடியிருக்கும். அதையொட்டி இரண்டு நேர்கோடுகள் ஓடும். இரு கைகளாலும் தையலைப் பிடித்து இழுத்தால் துணியோடு சேர்ந்து அதுவும் நீளும். விட்டால் பழைய இடத்துக்கு வந்துவிடும். சாதாரண மெஷினில் நேர்த்தையல் போட்டு இப்படி இழுத்தால் நூல் பட்டென்று அறுந்துவிடும். துணியை இணைப்பது, மிஞ்சிய ஓரத்தை வெட்டுவது, பிசிறு வராமல் விளிம்பை மூடுவது என்று மூன்று வேலைகளை ஒரே ஓட்டத்தில் முடித்த மெஷினின் வேலை இது. அதுதான் ஓவர்லாக்.

திருப்பூர்த் தெருக்களில் நடந்தால் பனியன் கம்பெனி வாசல்களில் ‘ஓவர்லாக், பேட்லாக் டெய்லர் தேவை’ என்ற பலகையைப் பார்க்காமல் வர முடியாது. நம் ஊர்த் தையல் கடைகளின் மூலையில் மூன்று நூல் ஓடும் சிறிய ஓவர்லாக் மெஷின் ஒன்று மோட்டாரோடு நிற்கும். சுடிதாருக்கும் ஜாக்கெட்டுக்கும் ஓரம் அடிப்பது அதில்தான். வீட்டு மேசையில் வைத்துத் தைக்கும் அளவுக்கு இந்த மெஷின் சுருங்கியது 1960களில், ஜப்பானில். இன்று கிடைக்கும் வீட்டு ஓவர்லாக்கில் பெரும்பாலும் இரண்டு ஊசி, இரண்டு லூப்பர், நான்கு நூல் இருக்கும். நிமிடத்துக்கு 1300 முதல் 1500 தையல் வரை போடும்.

ஆசையாக வாங்கி வந்தவர்கள் பலர் அதைப் பெட்டியிலேயே வைத்திருப்பதற்கு ஒரே காரணம், நூல் கோர்ப்பதில் உள்ள பயம். முன்மூடியைத் திறந்ததும் கொக்கிகளும் வண்ணப் புள்ளிகளும் அம்புக்குறிகளும் கண்ணைக் கட்டும். அம்புக்குறியை மட்டும் பார்த்துக் கோர்த்தால் அது என்றைக்கும் குழப்பமாகத்தான் இருக்கும். எந்த நூல் எந்த நூலைப் பிடிக்கிறது என்பது ஒருமுறை விளங்கிவிட்டால், ஏன் இந்த வரிசை, ஏன் இந்த வழி என்பதெல்லாம் தானாகப் புரியும். ஆகவே முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

சாதாரண மெஷினில் மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவே பின்னிக்கொள்கின்றன. ஓவர்லாக்கில் பாபினே கிடையாது. அதற்குப் பதில் கீழ் லூப்பர், மேல் லூப்பர் என்று வளைந்த இரண்டு உலோகக் கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியருகிலும் ஊசிக்கு இருப்பதுபோல் ஒரு கண் உண்டு. மின்சாரத்தை அணைத்துவிட்டு முன்மூடியைத் திறந்து, பக்கத்துச் சக்கரத்தை உங்களை நோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி அடிவரை இறங்கி மேலே ஏறத் தொடங்கும் கணத்தில் அதன் பின்புறம் நூல் சற்றே தளர்ந்து ஒரு வளையம் விழும். இடப்பக்கமிருந்து வரும் கீழ் லூப்பர் அந்த வளையத்துக்குள் நுழைந்து, தன் நூலையும் சுமந்துகொண்டு வலப்பக்கம் போகும். அப்போது கீழிருந்து எழும் மேல் லூப்பர், கீழ் லூப்பரின் நூலுக்கு ஊடே புகுந்து, துணியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு மேலே வந்து ஊசியின் பாதையில் தன் நூலை நீட்டி நிற்கும். மறுபடி இறங்கும் ஊசி அந்த நூலைக் குத்திப் பிடித்துக்கொள்ளும். பூ தொடுப்பவரின் விரல்கள் ஒரு வளையத்தை இறுக்குவதற்குள் அடுத்ததைப் போட்டுவிடுவதைப் போன்ற வேலை இது. ஊசிநூலைக் கீழ் லூப்பர் பிடிக்கிறது, கீழ் லூப்பரின் நூலை மேல் லூப்பர் பிடிக்கிறது, மேல் லூப்பரின் நூலை மறுபடி ஊசி பிடிக்கிறது. இந்தச் சங்கிலி துணி இல்லாவிட்டாலும் பின்னிக்கொண்டே போகும்.

கோர்க்கும் வரிசை இதிலிருந்தே வருகிறது. பெரும்பாலான வீட்டு மெஷின்களில் மேல் லூப்பர், கீழ் லூப்பர், வலது ஊசி, இடது ஊசி என்று போகும். லூப்பர்களின் முன்பின் சில மெஷின்களில் மாறலாம். ஆனால் ஊசிகள் கடைசியில்தான். ஊசியில் நூல் இருக்கும்போது கீழ் லூப்பரைக் கோர்த்தால், ஊசிநூல் ஏற்கெனவே லூப்பரின்மேல் கிடக்கும். புதிய நூல் அதனோடு தவறாகக் குறுக்கிட்டுச் சிக்கி, நாலு தையல் ஓடுவதற்குள் அறுந்துவிடும். எனவே பாதியில் கீழ் லூப்பர் நூல் அறுந்தால் அதை மட்டும் கோர்த்துவிட்டுத் தொடரக் கூடாது. இரண்டு ஊசியிலிருந்தும் நூலை உருவிவிட்டு, லூப்பரைக் கோர்த்து, பிறகு ஊசிகளைக் கோர்க்க வேண்டும். ‘மெஷின் நூலை அறுத்துக்கொண்டே இருக்கிறது’ என்று சொல்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

விளிம்பைச் சுற்றி நூல் பின்னும் இந்த வித்தை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மெரோ குடும்பத்தின் பின்னலாடை ஆலையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. பின்னலாடைகளின் ஓரத்தில் குரோஷாப் பின்னலை மெஷினால் போட முடியுமா என்று ஜோசப் மெரோ தேடியதன் விளைவு அது. சாரணர் சட்டையில் தைக்கும் துணி பேட்ஜுகளின் ஓரத்தில் தடிப்பாக நூல் சுற்றியிருக்குமே, அதற்கு இன்றும் அந்தக் குடும்பத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இனி மேசைக்கு வருவோம். இந்த மெஷின் ஓடும்போது அதிரும். ஆடாத மேசை வேண்டும், அடியில் ஒரு ரப்பர் விரிப்பு இருந்தால் நல்லது. பின்னால் நிற்கும் நூல்தாங்கிக் கம்பியை முழு உயரத்துக்கும் இழுத்து, டக்கென்று பூட்டும்வரை திருப்புங்கள். அதன் கொக்கிகள் ஒவ்வொன்றும் அந்தந்த நூல் கோனுக்கு நேர் மேலே வர வேண்டும். கம்பி அரைகுறையாக நின்றால் நூல் ஒருநேரம் தளர்ந்தும் ஒருநேரம் இறுகியும் வரும். நூலின் இறுக்கத்தை, அதாவது டென்ஷனை, எவ்வளவு திருகினாலும் தையல் சரிப்படாது.

சிறு நூல்கண்டுகள் இதற்குக் கட்டுப்படியாகாது. 1 செ.மீ. நேர்த்தையலுக்குச் சாதாரண மெஷின் சுமார் 2.5 செ.மீ. நூல் எடுக்கும். மூன்று நூல் ஓவர்லாக் அதே 1 செ.மீ.க்குச் சுமார் 14 செ.மீ. எடுக்கும், அதில் ஐந்தில் நான்கு பங்கு லூப்பர்களுக்கே போகிறது. கோன் வாங்குவதற்குக் காரணம் இதுதான். இதில் ஒரு சிக்கனமும் உண்டு. துணியின் நிறத்துக்கு ஒத்துப்போக வேண்டியது முக்கியமாக ஊசிநூல்தான், அதிலும் இடது ஊசியின் நூல். மடிப்பைப் பிரித்தால் வெளியே எட்டிப் பார்ப்பது அது. லூப்பர்களுக்குச் சாம்பல், சந்தனம், கறுப்பு என்று மூன்று நிறக் கோன்கள் இருந்தால் வீட்டுத் துணியில் பெரும்பாலானவற்றைத் தைத்துவிடலாம். மெல்லிய பாலியெஸ்டர் நூலே நல்லது. அலமாரியில் பல வருடம் கிடந்து இற்றுப்போன பருத்தி நூலை இதில் போடவே வேண்டாம்.

கோர்க்கத் தொடங்குமுன் துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவிடுங்கள். பல மெஷின்களில் அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் விலகி நூலுக்கு இடம் கொடுக்கும். அப்படி விலகாத மெஷினாக இருந்தால் டயல்களை 0-வில் வையுங்கள். நூலைத் தட்டுகளின் இடுக்கில் போடும்போது மேலே ஒரு கையாலும் கீழே ஒரு கையாலும் பிடித்து, சற்று அழுத்தி இழுக்க வேண்டும். நூல் உள்ளே அமர்வது விரலுக்கே தெரியும். தட்டின்மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் நூல்தான் பிறகு கற்றை கற்றையாகத் தளர்ந்து துணிக்கு அடியில் தொங்கும்.

மேல் லூப்பர் எளிது. கண்ணுக்கு நேராக இருக்கிறது, கொக்கிகளும் குறைவு. பொறுமையைக் கேட்பது கீழ் லூப்பர். சக்கரத்தைச் சுற்றி அதை வலப்பக்கக் கடைசிக்குக் கொண்டுவாருங்கள். இடப்பக்கம் மறைந்திருக்கும் கொக்கிகள் அப்போதுதான் வெளியே தெரியும். நூல் நுனியைச் சாய்வாக வெட்டி, மெஷினோடு வரும் நீண்ட இடுக்கியால் நுனிக்கு ஒரு செ.மீ. பின்னால் பிடித்து நுழையுங்கள். கைப்பேசி விளக்கை இடப்பக்கமிருந்து அடித்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு கொக்கியை விட்டுவிட்டாலும் தையல் விழாது என்பதால் கடைசியில் நூலின் பாதையை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

ஊசிகளைக் கோர்க்கும்போது இடது ஊசி வலதைவிடச் சற்று உயரமாக இருப்பது தெரியும். அமைப்பே அப்படித்தான், ‘சரியாக ஏறவில்லையோ’ என்று திருகைத் தளர்த்திவிடாதீர்கள். நான்கு நூலையும் ஒரு சாண் நீளத்துக்கு இழுத்து, பாதத்துக்கு அடியில் இடப்பக்கமாகப் பின்னால் விட்டு, பாதத்தை இறக்கி, நுனிகளைப் பிடித்துக்கொண்டே சக்கரத்தைக் கையால் நான்கைந்து சுற்று சுற்றுங்கள். பாதத்தின் பின்னால் ஒரு சிறு ஜடை பின்னிக்கொண்டு வரும். அது வந்த பிறகே பெடலில் கால் வையுங்கள்.

நிறம் மாற்றும்போதெல்லாம் முதலிலிருந்து கோர்க்க வேண்டியதில்லை. பழைய நூலைக் கோன் அருகே வெட்டி, புதிய நூலை அதோடு முடிந்து, மறுமுனையிலிருந்து இழுத்துக்கொள்ளலாம். முடிச்சு லூப்பர் கண்ணில் நுழைந்துவிடும். ஊசிக் கண்ணில் நுழையாது. அங்கே முடிச்சு வரும்போது வெட்டிவிட்டு ஊசியை மட்டும் கையால் கோர்க்க வேண்டும். நல்ல வழிதான். ஆனால் முழுதாகக் கோர்க்கப் பழகிய பிறகு இதைக் கைக்கொள்வதே நல்லது. நூல் நடுவில் அறுந்தால் முடிச்சு உதவாது. குழாய் வடிவ லூப்பருக்குள் காற்றழுத்தத்தால் நூலை ஊதிவிடும் மெஷின்களும் இருக்கின்றன. கண்பார்வை மங்கியவர்களுக்கும் விரல் நடுங்குபவர்களுக்கும் அவை பெரிய உதவி. விலைதான் மிக அதிகம்.

டென்ஷனைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நாள் மினக்கெடலாம். நான்கு நூலுக்கும் நான்கு வேறு நிறம் போடுங்கள். எல்லா டயலையும் 4-ல் வைத்து, பருத்தித் துணியை இரண்டாக மடித்துத் தைத்துப் பாருங்கள். மேல் லூப்பரின் நிறம் மேல்பக்கத்திலும் கீழ் லூப்பரின் நிறம் அடிப்பக்கத்திலும் ஓடி, இரண்டும் சரியாகத் துணியின் விளிம்பில் சந்திக்க வேண்டும். மேல் நிறம் விளிம்பைத் தாண்டி அடியில் இறங்கியிருந்தால் மேல் லூப்பர் தளர்ந்திருக்கிறது, அல்லது கீழ் லூப்பர் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. கீழ் நிறம் மேலே ஏறினால் அதற்கு நேர்மாறு. ஊசிநூல் அடிப்பக்கத்தில் புள்ளி புள்ளியாக வளையம் விட்டால் அந்த ஊசியின் டயலை இறுக்குங்கள். துணி சுருங்கினால் தளர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு டயல், அதுவும் அரை எண் அளவுக்கு மட்டும். இரண்டை ஒன்றாகத் திருகினால் எது சரி செய்தது என்றே தெரியாமல் போய்விடும். இந்தத் துணித்துண்டில் டயல் எண்களைப் பேனாவால் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலர் தொடாமலே விட்டுவிடும் ஒரு குமிழ் உண்டு. துணியை நகர்த்தும் பற்கள் இதில் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை. முன்வரிசை பின்வரிசையைவிட எவ்வளவு வேகமாகத் தள்ள வேண்டும் என்பதை அந்தக் குமிழ் நிர்ணயிக்கிறது, பொதுவாக 0.7 முதல் 2 வரை இருக்கும். பனியன் துணி தைத்தபின் அலை அலையாக நெளிந்தால் 1.5-க்கு ஏற்றுங்கள், அலை அடங்கிவிடும். ஷிபான் போன்ற மெல்லிய துணி சுருங்கினால் 1-க்குக் கீழே இறக்குங்கள்.

கத்தியிடம் மட்டும் எப்போதும் எச்சரிக்கை வேண்டும். மேலே அசையும் கத்தி ஒன்று, கீழே நிலையான கத்தி ஒன்று. வெட்டிய துணி திரும்ப வராது. குண்டூசி நடுவில் வந்தால் கத்தி முனை உடையும். தெறிக்கும் துண்டு கண்ணில் படலாம். குண்டூசி குத்துவதாக இருந்தால் விளிம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி, தையலுக்கு இணையாகக் குத்துங்கள். கிளிப் இன்னும் நல்லது.

நம் ஊர் ஜாக்கெட்டுக்கு இன்னொரு கவனம் வேண்டும். பின்னாளில் பிரித்துவிட வசதியாக நம் டெய்லர்கள் பக்கத்தையலில் உள்ளே இரண்டு விரல் துணி விடுவார்கள். அதை ஓவர்லாக்கில் ஓட்டினால் அந்தத் துணி கத்திக்குப் போய்விடும், உடம்பு சற்றுப் பூசினால் ஜாக்கெட்டை மறந்துவிட வேண்டியதுதான். ஆகவே முன்பாகம், பின்பாகம் இரண்டையும் தனித்தனியாக எடுத்து, பிசிறு மட்டும் போகும்படி ஓரம் அடித்துக்கொண்டு, பிறகு சாதாரண மெஷினில் அளவுக்குத் தைப்பதே முறை. ஜிப், காஜா, காலர் இவற்றுக்கும் அந்த மெஷின்தான் வேண்டும். ஓவர்லாக் அதற்குத் துணையே தவிர மாற்று இல்லை.

ஓவர்லாக்கில் பின்னோக்கித் தைக்க முடியாது. அதனால் தையலின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு விரல் நீளத்துக்கு ஜடையை விட்டு வெட்டுங்கள். அதைப் பெரிய கண்ணுள்ள கையூசியில் கோர்த்து, அடித்த தையலுக்கு அடியிலேயே இரண்டு செ.மீ. நுழைத்து இழுத்து, மிச்சத்தைக் கத்தரித்துவிடுங்கள். கழுத்து, கைமுனை போன்ற இடங்களில் இதைச் செய்யாமல் விட்டால் நாலு துவைப்பில் பிரியத் தொடங்கும்.