பிந்தியவனுக்கும் ஒரு வாய்ப்பு

கண்டி மாநகருக்கும் றகர் பந்தாட்டத்துக்கும் உள்ள உறவு நூறாண்டுக்கு மேற்பட்டது. 1891ஆம் ஆண்டில் கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ் அவர்களே தம் மாணவருக்கு இவ்வாட்டத்தைப் பழக்கியவர். 1906இல் கிங்ஸ்வூட் அணியும் திரித்துவக் கல்லூரி அணியும் மோதிய ஆட்டமே, இலங்கைப் பாடசாலைகளுக்கிடையே நடந்த முதலாவது றகர் ஆட்டமாகும். ஆதலால், அலவத்துகொடையிலிருந்து மாத்தளை வீதி வழியே நித்தவெல மைதானத்துக்குச் செல்லும் அன்பர்களுக்கு இவ்வாட்டத்தின் விதிகளை நாம் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. அவற்றுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம்.

ஓர் அணி புள்ளி பெற்றதும் ஆட்டத்தை மீண்டும் தொடங்குபவர் யார்? றகரில், புள்ளியைப் பறிகொடுத்த அணியே நடுக்கோட்டிலிருந்து பந்தை உதைக்கிறது. பந்து 10 மீற்றர்க் கோட்டை எட்ட வேண்டும். உதைக்கும் வேளையில் அவ்வணியினர் யாவரும் பந்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஆகவே, பந்தை உயர உதைத்து, கோட்டைச் சற்றே தாண்டி விழச் செய்து, ஓடிச் சென்று தாமே பற்றிக்கொள்ள அவர்களால் இயலும். எதிரணி தொடாதிருக்கப் பந்து கோட்டை எட்டாவிட்டால், மீண்டும் உதைக்கும்படியோ ‘ஸ்கிரம்’ அமைக்கும்படியோ எதிரணி கேட்கலாம்.

றகரிலிருந்து பிறந்த அமெரிக்க உதைபந்தாட்டத்தில் நிலைமை நேர்மாறானது. அங்கே புள்ளி பெற்ற அணியே உதைக்கிறது. இரண்டு நிமிடமே எஞ்சியிருக்க, பின்தங்கிய அணி அரும்பாடுபட்டுப் புள்ளி பெற்றாலும், பந்தை எதிரிக்கே கொடுத்துவிட வேண்டும். எதிரியோ காலத்தைக் கடத்தியே வென்றுவிடலாம். இதற்கு மாற்றாக எழுந்ததே ‘ஒன்சைட் கிக்’ என்னும் குற்றுதை. பந்து 10 யார் தூரம் சென்றதும், அல்லது எதிரணியினர் அதனைத் தொட்டதும், உதைத்த அணியும் அதனைக் கைப்பற்றலாம். உதைப்பவனுக்குப் பின்னால் நிற்பவன் ‘ஒன்சைட்’ என்ற பழைய றகர் விதியே இதற்குப் பெயர் தந்தது.

2010ஆம் ஆண்டுச் சூப்பர் போல் ஆட்டத்தில் 10க்கு 6 எனப் பின்தங்கியிருந்த நியூ ஓர்லியன்ஸ் அணி, பிற்பாதியின் முதல் உதையையே யாரும் எதிர்பாராத வண்ணம் குற்றுதையாக்கிப் பந்தைக் கைப்பற்றியது. முடிவில் 31க்கு 17 என வென்றது. இன்று அத்தகைய திடீர்த் தாக்குதல் கூடாது. வீரர் காயமடைவதைக் குறைக்கவென 2018இல் உதைக்கும் அணியினர் ஓடிவந்து புறப்படுவது தடுக்கப்பட்டது. குற்றுதை வெற்றி பெறுவதும் அதனால் அரிதாயிற்று. 2024 முதல் பின்தங்கிய அணி மட்டுமே, அதுவும் கடைசிக் காற்பகுதியில் முன்கூட்டி அறிவித்தே இவ்வாறு உதைக்கலாம் என விதித்தனர். கடைசிக் காற்பகுதி என்ற எல்லை மறு ஆண்டே நீக்கப்பட்டது. அறிவித்தல் நிலைத்தது.

றகரிலும் வழக்கு இல்லாமலில்லை. 2017 ஜூலை 8ஆம் திகதி ஓக்லாந்தில் நியூஸிலாந்தும் பிரித்தானிய அயர்லாந்து லயன்ஸ் அணியும் 15க்கு 15 எனச் சமநிலையில் நின்றன. இறுதி நிமிடங்களில் நியூஸிலாந்து உதைத்த பந்து லயன்ஸ் வீரர் லியம் வில்லியம்ஸ் மீது பட்டு முன்னே பாய்ந்தது. முன்னால் நின்ற கென் ஓவன்ஸ் அதைக் கையிலேந்தி உடனே விட்டுவிட்டார். மத்தியஸ்தர் ரோமன் புவாத் முதலில் தண்டனை உதை வழங்கினார். பின்னர் படக்காட்சியைப் பார்த்து, உதவி மத்தியஸ்தர்களுடன் கலந்து, தற்செயலான தவறு எனக் கருதி அதை ‘ஸ்கிரம்’ ஆக மாற்றினார். ஆட்டமும் தொடரும் சமநிலையில் முடிந்தன. சட்டத்தின் எழுத்து மீறப்பட்டது என்பார் ஒருசாரார். கை தானே நீண்டதற்குத் தண்டனையா என்பார் மறுசாரார்.

நம் ஊர் விவகாரத்துக்கும் இது அந்நியமன்று. 1945இல் தொடங்கிய பிரட்பி கேடயப் போட்டியில், திரித்துவக் கல்லூரியும் கொழும்பு றோயல் கல்லூரியும் ஆடும் இரு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டியே வெற்றி தீர்மானிக்கப்படுகிறது. முதலாட்டத்தில் தோற்றவன் இரண்டாவதின் கடைசி உதைவரை நம்பிக்கையோடு ஓடலாம்.

பின்தங்கியவனுக்கு ஒரு வாசல் திறந்திருப்பதே நல்ல விதி என்பது எமது கருத்து. அவ்வாசலின் அகலத்தை ஆட்டத்துக்கு முன்னரே வகுப்பது நீதி. கடைசி நிமிடத்தில் அளக்க நேர்ந்தால், அளப்பவர் எவ்வளவு நேர்மையாளராயினும் ஒருசாரார் மனக்குறையோடுதான் வீடு திரும்புவர்.