முதல் உத்தியோகமும் முறையான விண்ணப்பமும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து, பெறுபேறு வெளிவரும்வரை உள்ள மாதங்கள் நம் கரையோரப் பிள்ளைகளின் வாழ்விலே ஒரு நாற்சந்தி எனலாம். உடப்பிலே கரைவலையும், புத்தளத்திலே உப்பளமும், கற்பிட்டியிலே தோட்டமும் அன்றாடக் கூலியைக் காட்டி அவர்களை அழைக்கின்றன. இவை இழிதொழில்களல்ல; எம் முன்னோரை வாழ்வித்தவை. ஆயினும், தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் வலை ஓயும். மழை பெய்தால் உப்பு விளையாது. கூலியொன்றையே நம்பிக் கல்வியைக் கைவிட்ட பிள்ளை அந்நாட்களில் என் செய்யும்?

முதலில் சட்டத்தை அறிதல் வேண்டும். தொழிலுக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021ஆம் ஆண்டில் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான தொழில்களில் 18 வயது நிரம்பாதோரை அமர்த்தலாகாது.

அடுத்து, தொழிலை எங்கே தேடுவது? அரசாங்கப் பதவிகள் வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானியில் அறிவிக்கப்படுகின்றன. பிரதேச செயலகத்திலும் விசாரிக்கலாம். கைத்தொழில் கற்க விரும்புவோர்க்குத் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையும், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழிற்பயிற்சி அதிகார சபையும் உள. அங்கே பெறும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் ஏழு மட்டங்களைக் கொண்டது. மின்னிணைப்பாளராகத் தொடங்கும் ஒருவர் படிப்படியாகப் பட்ட மட்டம்வரை உயர வழியுண்டு.

விண்ணப்பம் எழுதுகையில் விளம்பரத்தை இருமுறை வாசியுங்கள். கேட்ட தகைமை, வயதெல்லை, முடிவுத் திகதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயரும் பிறந்த திகதியும் அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் உள்ளவாறே அமைதல் வேண்டும். மூலச் சான்றிதழ்களை அனுப்பாது, பிரதிகளையே இணையுங்கள். நற்சாட்சிப் பத்திரத்தை முன்கூட்டியே அதிபரிடம் பெற்று வையுங்கள். கடித உறையின் இடதுபக்க மேல்மூலையிற் பதவியின் பெயரை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பேணுங்கள்.

நேர்முகப் பரீட்சையில் அறியாததை அறியேன் என்று பணிவுடன் கூறுதலே அழகு. நம் மாவட்டத்திலே சிங்களம் பேசத் தெரிதல் பெருந்துணையாகும்; அதனைக் கற்பதால் தமிழ்ப்பற்றுக் குன்றிவிடாது.

வேலை கிடைத்ததும் நியமனக் கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள். கடை, அலுவலக ஊழியர்க்கு வேலை நிபந்தனைகளை எழுத்திற் கொடுத்தல் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டப்படி முதலாளியின் கடமை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் நூற்றுக்கு 8, முதலாளி 12 வீதம் செலுத்தல் வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியே 3 வீதம் செலுத்துவார். மாதம் 30,000 ரூபா பெறுபவரின் சம்பளத்தில் 2,400 ரூபா கழியும். ஆனால் அவர் பேரில் முதலாளி சேர்ப்பதோ 4,500 ரூபா. கடிதமின்றி, கணக்கின்றி உழைப்பவர் இழப்பது இதுவே.

வெளிநாட்டு வேலை தருவதாகக் கூறி முற்பணம் கேட்பவரிடம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

பழைய மாணவர்களே! உங்கள் அலுவலகத்தில் வெற்றிடம் ஏற்படின், அச்செய்தியைக் கல்லூரிக்கு ஒரு கடிதமூலம் அறிவியுங்கள். ஒரு பிள்ளையின் விண்ணப்பத்தை வாசித்துத் திருத்திக் கொடுங்கள். தகப்பனும் அண்ணனும் அலுவலகம் கண்டிராத வீட்டுப் பிள்ளைக்கு அவ்வுதவியைச் செய்ய உங்களையன்றி வேறு யாருளர்?