நாணய வணிகத்தில் நாணயம் எங்கே?

புது தில்லி: அரசின் நாணயச்சாலையில் இயந்திரம் ஒரு நொடி தடுமாறினால் போதும், ஒரு ரூபாய்க் காசு சேகரிப்பாளர்கள் போட்டியிட்டு வாங்கும் அரும்பொருளாகிவிடுகிறது. அத்தகைய தடுமாற்றத்தைப் பட்டறையில் செயற்கையாக உருவாக்கி விற்பதும், சாதாரணக் காசுக்கு லட்சங்களை விலையாகக் கூறி ஏமாற்றுவதும் இன்று தனித் தொழிலாக வளர்ந்துள்ளன.

மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் மத்திய அரசின் நாணயச்சாலைகள் இயங்குகின்றன. காசில் ஆண்டுக்குக் கீழே வைர வடிவம் இருந்தால் அது மும்பையில் தயாரானது. நட்சத்திரம் ஹைதராபாதையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும். கொல்கத்தா காசில் குறி எதுவும் இராது. சேகரிப்பாளரின் அரிச்சுவடி இதுதான்.

பிழைக்கு ஏன் விலை?: மேலும் கீழுமாக உள்ள இரு அச்சுகளுக்கு நடுவே உலோக வில்லை வைக்கப்பட்டு அழுத்தப்படும்போது காசு பிறக்கிறது. வில்லை விலகி நின்றால் உருவம் ஓரத்தில் ஒதுங்கிவிடும். முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒரு பக்கத்தில் உருவம் சரியாகவும், மறுபக்கத்தில் அதே உருவம் குழிவாகவும் இடவலம் மாறியும் பதியும். வட இந்திய வணிகர்கள் இதனை 'லாக்கி' என்பர். சோதனையில் கழிக்கப்பட வேண்டிய இவை தப்பி வெளியே வருவது அரிது. அந்த அருமைக்குத்தான் விலை.

தற்செயலாக நேர்ந்தது என்பதே பிழைக் காசின் மதிப்பு. வேண்டுமென்றே செய்யப்பட்டால் அது பிழையன்று, போலி. இரு காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இடுக்கியில் நெரித்தால் 'லாக்கி' போன்ற தடம் விழும். ஆனால், ஏற்கெனவே இருந்த உருவம் அதில் நசுங்கிப் போயிருக்கும். அமிலத்தில் ஊறிய காசு எடை குறைந்து நிற்கும். பத்து ரூபாய்க் காசின் நடுவட்டத்தைப் பெயர்த்துத் திருப்பிப் பொருத்தினால் விளிம்பில் காயம் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியும் சிறு தராசும் உள்ளவருக்கு இவை புலப்படும். புதிதாக வாங்க வருபவரிடம் அவை இரண்டும் இருப்பதில்லை.

கதைக்கு விலை: காசு உண்மையானதாகவும் அதைப் பற்றிய கதை பொய்யாகவும் இருப்பது இன்னொரு வகை. 1985-ல் இந்தியாவுக்காகப் பிரிட்டனில் அடிக்கப்பட்ட ஒரு ரூபாய்க் காசுகளும், வைஷ்ணவி தேவி உருவம் பொறித்து 2012-ல் வெளியான 5, 10 ரூபாய்க் காசுகளும் புழக்கத்துக்காகவே தயாரானவை. அவற்றுக்கு லட்சக்கணக்கில் விலை கிடைக்கும் என விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. 1818-ம் ஆண்டைத் தாங்கி, அனுமன் உருவத்துடன் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரில் உலவும் அரையணாக்களோ கம்பெனி வெளியிட்டவையே அல்ல.

இந்த வலையில் பணம் இழப்பவர் பெரும்பாலும் காசை வாங்குபவர் அல்லர், விற்க முன்வருபவர். 'லட்சங்கள் வந்து சேரும். முதலில் பதிவுக் கட்டணமும் வரியும் செலுத்துங்கள்' என்று கேட்டுப் பணத்தைப் பறித்துக்கொண்டு மறைந்துவிடுகின்றனர். ரிசர்வ் வங்கியின் பெயரும் சின்னமும்கூட இதற்குப் பயன்படுத்தப்பட்டன. பழைய நோட்டு, காசு வணிகத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், அதற்காகக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்றும், எந்த நிறுவனத்துக்கும் அவ்வாறு வசூலிக்க அதிகாரம் தரவில்லை என்றும் 2021 ஆகஸ்டில் அவ்வங்கி எச்சரிக்க நேர்ந்தது.

சட்டமும் மனசாட்சியும்: சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. காசை உருக்கினாலோ அழித்தாலோ 2011-ம் ஆண்டின் நாணயச் சட்டப்படி 7 ஆண்டுகள் வரை சிறை. நூறாண்டு கடந்த காசுகள் 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்கு உட்பட்டவை. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மண்ணுக்கடியில் கிடைக்கும் புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டின் புதையல் சட்டம். தெரிவிக்காமல் விற்கப்படும் ஒவ்வொரு புதையலோடும் அது கிடைத்த இடத்தின் வரலாறும் தொலைந்து போகிறது.

அண்மைக் காலப் பிழைக் காசோ தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வராது. பட்டறைப் போலியை நாணயச்சாலைப் பிழை என்று விற்பவர் மீது வழக்கமான மோசடிப் புகாரைத்தான் தர இயலும். சில நூறு ரூபாய் ஏமாந்தவர் காவல் நிலையம் வரை செல்வது அரிது.

சட்டம் எட்டாத இடம் ஒன்றும் உண்டு. கணவர் விட்டுச்சென்ற பெட்டியிலிருந்து எடுத்த காசுகளின் மதிப்பு அறியாது ஒரு மூதாட்டி கடைக்கு வருகிறார். அவற்றுள் ஒன்று அரிய காசு என்பது கடைக்காரருக்குத் தெரியும். உலோக விலையைக் கொடுத்து அவர் மௌனமாக வாங்கிக்கொண்டால் எந்தப் பிரிவும் அவரைத் தண்டிக்கப் போவதில்லை. அவருடைய லாபமோ முழுக்க அந்த மூதாட்டியின் அறியாமையிலிருந்து வந்தது.

காசையும் நேர்மையையும் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கிறது. முன்னதைச் சோதிக்கத் தராசு உண்டு. பின்னதற்குக் கருவி இல்லாத வரையில், எடை பார்க்காமல் வாங்காதிருப்பதும், முன்பணம் கேட்பவருக்கு விற்காதிருப்பதுமே பொதுமக்களுக்குப் பாதுகாப்பு.